தணுப்பன் பார்

உங்கள் டோக்கன் எத்தனை அக்கா? முப்பத்தொன்றா. உள்ளே இருப்பது பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு என் அப்பா. அவர் வெளியே வர நேரமாகும். கையில் ஒரு சாக்கு கொண்டுபோயிருக்கிறார். அதை எண்ணி முடிக்கவே அரை மணி ஆகும்.

இந்தப் பக்கமாக வந்து உட்காருங்கள். அந்த முனையில் ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது, சேலை கிழியும். எனக்கு இந்தப் பெஞ்சு பழக்கம். மூன்றாவது தடவை வருகிறேன்.

உங்கள் மனு எதற்கு? குளமா. மண் அள்ளுகிறார்களா. அங்கே குளமே இல்லை என்று சொல்கிறார்களா? யார், உள்ளே இருப்பவர்களா? சரி. அப்படியென்றால் நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

நான் பொதுவாக யாரிடமும் பேசமாட்டேன். கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் பதில் தெரிந்தும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவள். வெளியிலிருந்து வந்த பேராசிரியர், "வாயில கொழுக்கட்டையாம்மா?" என்று கேட்டார். விலங்கியல் முதுகலை. கணக்கு இல்லாத படிப்பாகப் பார்த்துச் சேர்ந்தேன். கணக்கைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், அது இந்த விஷயத்தில் வருகிறது.

சாக்கில் என்ன என்றுதானே கேட்கிறீர்கள். பியூனும் கேட்டார். மீன் என்று நினைத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். மீன் இல்லை. பவளம். வீட்டில் வைத்திருந்தாலே குற்றம். அதைச் சாக்கில் கட்டி, டிக்கெட் எடுத்து, பஸ்ஸில் நாங்களே கொண்டுவந்திருக்கிறோம்.

வழியில் அப்பா என்னோடு பேசவே இல்லை. எனக்கு ஜன்னல் சீட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டு மூன்று சீட்டு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். சாக்கைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். திரும்பிப் பார்க்கவில்லை. என்மேல் அவ்வளவு கோபம்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர் தூத்தூர் பக்கம். அப்பா பெயர் வறுவேல். தூண்டில் படகு. பதினைந்து நாள், இருபது நாள் கடலில் கிடப்பார்கள். கடலுக்கடியில் மேடு மேடாக மீன் கூடுகிற இடங்கள் உண்டு, அதைப் பார் என்போம். ஒவ்வொரு படகுக்காரருக்கும் சில பார்கள் சொந்தம். சொந்தம் என்றால் பட்டாவா இருக்கிறது? இடம் தெரியும், அவ்வளவுதான். அடுத்தவனுக்குத் தெரியக்கூடாது, அதுதான் பட்டா. வயர்லெஸ்ஸில் யாராவது "எங்க கெடக்கிய, மீன் உண்டுமா?" என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான். "ஒண்ணும் இல்லப்பா, சும்மா கெடக்கோம்." அப்பா வயர்லெஸ்ஸில் எவ்வளவு அழுகிறாரோ அவ்வளவு கலவா மீன் அந்தத் தடவை கரைக்கு வரும்.

அவருடைய பார்களில் ஒன்றுக்குத் தணுப்பன் என்று பெயர். தணுப்பு என்றால் எங்கள் பக்கம் குளிர். ஆழம் இருநூறு பாகம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். வெயில் அந்த ஆழத்துக்கு இறங்காது. தூண்டில் கயிற்றை இழுத்தால் கடைசியில் ஈயக்குண்டு ஐஸ்கட்டி மாதிரி வரும். மத்தியான வெயிலில் படகில் இருப்பவர்கள் அதை வாங்கிக் கழுத்தில் உருட்டிக்கொள்வார்களாம். அதனால் தணுப்பன். பெயர் ஊருக்கே தெரியும். இடம் அப்பாவுக்கு மட்டும்.

நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போது தூண்டிலில் சிக்கி அங்கிருந்து ஒரு கிளை வந்தது. அப்பா அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். "படிக்க பிள்ளைக்கு" என்றார். இஞ்சி கிளை விட்ட மாதிரி, வெள்ளையாக, ஒரு முழம் இருக்கும். அம்மா அதை டிவிக்கு மேலே வைத்து அதில் செபமாலையைத் தொங்கவிட்டாள். நான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கிளை முழுக்கச் சின்னச் சின்னக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணமும் ஒரு உயிர் இருந்த இடம். பவளம்தான் அக்கா. வெயில் வேண்டாத பவளம். இருட்டில், குளிரில், நீரோட்டத்தில் வருகிற தீனியைப் பிடித்துத் தின்று வளர்வது. ஒரு விரல் நீளம் வளர ஏழெட்டு வருஷம் ஆகும்.

கிளைகளுக்கு நடுவே தோல்பை மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. நாலு மூலையிலும் சுருள் சுருளாக நார். அது சுறா முட்டை. ஒரு சின்னச் சுறா தன் முட்டையை நீரோட்டம் அடித்துக்கொண்டு போகாதபடி அந்தக் கிளையில் சுற்றிக் கட்டிவிட்டுப் போயிருக்கிறது. பிரித்துப் பார்த்தேன். உள்ளே என் சுண்டுவிரல் அளவு குட்டி. உடம்பில் புள்ளிகூட விழுந்திருந்தது. செத்துப்போயிருந்தது.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அது வெறும் பாறை இல்லை, அந்தக் கிளைகளுக்குள்ளேதான் குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன, அதனால்தான் அங்கே கலவா கூடுகிறது என்று விளக்கினேன். "அது எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார். அவருக்குத் தெரியாது, சும்மா சொன்னார்.

போன வருஷம் பெரிய இழுவைப்படகுகள் ஆழ்கடல் இறாலுக்காக அந்த ஆழத்துக்கு வரத் தொடங்கின. மடிக்கு, அதுதான் அவர்கள் இழுக்கிற வலைக்கு, அடியில் இரும்பு உருளை கோத்திருப்பார்கள். அது தரையோடு தரையாக உருண்டுகொண்டு வரும். எதிரே கிளை இருக்கிறதா, முட்டை இருக்கிறதா என்று அதற்கு என்ன தெரியும்? ஒரு நாள் அப்பா பாதிப் பெட்டி காலியாகத் திரும்பி வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, "தணுப்பனுக்க வடக்குப் பக்கத்த அரைச்சிட்டானுவ மக்களே" என்று என்னிடம் சொன்னார். அவ்வளவுதான். எழுந்து கைகால் கழுவப் போய்விட்டார்.

எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. பின்னாலேயே போய், "இப்ப என்ன செய்யப் போறிய?" என்று கேட்டேன். "வேற பார் பாக்கணும்" என்றார். ஆனால் அடுத்த தடவையும் தணுப்பனுக்குத்தான் போனார். அதற்கடுத்த தடவையும். மீன் இல்லாத இடத்துக்கு எதற்குப் போகிறீர்கள் என்று அம்மா சண்டை போட்டாள். வேறு இடம் தேடச் சோம்பல் என்று நினைத்தேன். எங்கள் ஆண்கள் அப்படித்தான், போன தடத்திலேயே போவார்கள்.

அதனால் நான் மனு எழுதினேன். நார்வே என்று ஒரு நாடு இருக்கிறது, குளிர்நாடு. அங்கே இப்படிப்பட்ட பவளத்தின் மேல் மடியை இழுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதையெல்லாம் எடுத்துச் சொல்லி, நல்ல தமிழில், இரண்டு பக்கம். இடம் குறிப்பிட வேண்டுமே. கரைக்கு வந்தால் அப்பா படகிலிருந்து ஜிபிஎஸ் மிஷினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அவர் குளிக்கும்போது அதைத் திறந்து எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

திருட்டா? எதற்காகத் திருடினேன் என்று பார்க்க வேண்டாமா?

ஊரில் எப்படியோ தெரிந்துவிட்டது. கோயிலிலிருந்து வரும்போது ததேயு மாமா, அவரும் படகுக்காரர்தான், வழியில் நிறுத்தி, "என்ன பிள்ளே, அப்பனுக்க பாரை சர்க்காருக்கு எழுதிக் குடுக்கியாமே? அடுத்தது எனக்க பாரா? சொல்லு, மிஷின ஒளிச்சு வைக்கணும்" என்றார். பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சொல்ல வேண்டிய பதில் தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

முதல் தடவை இங்கே வந்தபோது உள்ளே இருக்கும் அதிகாரி மனுவைப் படித்தார். கெட்டவர் இல்லை, உட்காரச் சொன்னார். பிறகு சுவரைக் காட்டினார். சுவரில் 'பவளம் காப்போம்' என்று ஒரு போஸ்டர். நீலத் தண்ணீர், வெயில் பளபளக்கிறது, மஞ்சள் மீன்கள். "ஏம்மா, பவளத்துக்கு வெயில் வேணும், வெதுவெதுப்பு வேணும். ஸ்கூல் பாடத்துலயே இருக்கே. இருநூறு பாகத்துல வெறும் பாறைதாம்மா கிடக்கும்" என்றார். பத்து நாளில் தபாலில் பதில் வந்தது. 'மனுதாரர் குறிப்பிடுவது பாறை என்பதால் மேல்நடவடிக்கை தேவையில்லை.'

இரண்டாம் தடவை கிளையையே கொண்டுவந்தேன். செபமாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கிளையைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து மேசையில் வைத்தேன். அதிகாரி எழுந்து நின்றுவிட்டார்.

"இது எங்கேருந்தும்மா?"

"தணுப்பன் பார்லேருந்து சார்."

"பவளத்த வீட்டுல வச்சிருக்கது குற்றம். ஜெயிலுக்கே போகணும், தெரியுமா?"

நான் ஒன்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டேன். "அப்போ இது பவளமா சார்?"

"பின்ன என்ன, கத்தரிக்காயா?"

"பாறைன்னு எழுதி அனுப்பியிருக்கீங்களே."

அவர் என்னைப் பார்த்தார். கிளையைப் பார்த்தார். போஸ்டரைக்கூட ஒரு தடவை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி சரி, எடுத்துட்டு வீட்டுக்குப் போ. நான் எதையும் பாக்கல" என்றார்.

"நீங்க பாத்துட்டீங்க சார். எழுதுங்க."

"எதை எழுத?"

"பறிமுதல் ரசீது. பவளம் ஒன்றுன்னு."

எனக்கு எங்கிருந்து அந்த வாய் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. சொல்லிவிட்டு எழுந்திருக்கவில்லை. அவர் சாப்பிடப் போனார், வந்தார். நான் இருந்தேன். பியூன் ஜன்னல்களைச் சாத்தினார். நான் இருந்தேன். ஐந்து மணிக்கு அவர் பேனாவை எடுத்தார். 'பவளக் கிளை, ஒன்று.' எடுக்கப்பட்ட இடம் எது என்று கேட்டார். தணுப்பன் பார் என்று சொல்லி எண்ணைக் கொடுத்தேன். எடுத்தவர் யார் என்று கேட்டார். அப்பா பெயரைச் சொன்னேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் விட முடியுமா? எனக்கு அந்தக் காகிதம் வேண்டும். வெயில் படாத இடத்தில் பவளம் இருக்கிறது என்று அவர்கள் கையாலேயே எழுதியாகிவிட்டது. இனி அது பாறை என்று சொல்ல முடியாது. பவளம் என்றால் காப்பாற்ற வேண்டும், சட்டம் இருக்கிறது. காப்பாற்றவில்லை என்றால் ஏன் என்று எழுத வேண்டும். அன்று பஸ்ஸில் அந்த ரசீதைப் பத்துத் தடவை படித்திருப்பேன். வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டது ஒன்றுதான். "இனி செபமாலைய எதில தொங்கவிட?"

மூன்றாவது வாரம் அப்பா பெயருக்கு நோட்டீஸ் வந்தது. பவளம் எடுத்த குற்றத்துக்கு விசாரணை. அதோடு இன்னொன்று. 'தாங்கள் தெரிவித்த இடத்தில் வரைபடத்தின்படி ஆழம் குறைவு, சேறு மட்டுமே உள்ளது. தவறான தகவல் அளித்தது பற்றி நேரில் வந்து விளக்கமளிக்கவும்.' அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், எண் தெரியும், படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். சேறு என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன்.

"நம்பர எங்கேருந்து எடுத்த?" என்று கேட்டார்.

"மிஷின்லேருந்து."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார், ஆனால் நான் பார்த்தேன். "மிஷின்ல எவனாவது உண்மையான நம்பர வைப்பானா மக்களே? களவு போனா எனக்க பாரும் சேந்துல்லா போவும். நா எல்லாத்துலயும் ஒரு கணக்கு கொறச்சுத்தான் போட்டிருப்பேன். பாக்கும்போது கூட்டிக்கிடணும்."

என்ன கணக்கு என்று கேட்டேன்.

"பத்தாங்கிளாஸ்ல நீ கணக்குல எடுத்த மார்க்கு."

அக்கா, அந்த மார்க் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அன்று அப்பாதான் பள்ளிக்கூடத்துக்கு வந்து சான்றிதழ் வாங்கினார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வழியெல்லாம் அழுதேன். அவர் சொல்லவில்லை. எடுத்து மிஷினில் போட்டுக்கொண்டார். எண்ணில் ஒன்று கூடினால் கடலில் ஒரு மைல். என் மார்க் எத்தனையோ அத்தனை மைல் தள்ளி இருக்கிறது தணுப்பன். "நீ இன்னும் கொஞ்சம் படிச்சிருந்தியானா இன்னும் தூரமா ஒளிச்சிருப்பேன்" என்றார். எவ்வளவு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

நான் புது மனு எழுதினேன். உங்கள் ரசீதிலேயே பவளம் என்று இருக்கிறது, ஆகவே இனி இது உங்கள் கடமை என்று. அப்பா அதைப் படித்துக் காட்டச் சொன்னார். மூன்று தடவை. மூன்றாம் தடவை ஒரு வரியில் கையைக் காட்டி நிறுத்தினார். மனு அவர் கையில் உள்ளே போயிருக்கிறது, நகல் என்னிடம் இருக்கிறது, இதோ இந்த வரி. 'மேற்படி இடத்தில் எவ்வகை மீன்பிடிப்பும் நிரந்தரமாகத் தடை செய்யப்பட வேண்டும்.' இன்னொரு தடவை படி என்றார். படித்தேன். பிறகு தலையை ஆட்டினார். "அப்பிடியே இருக்கட்டும்" என்றார். அந்த வரி எனக்கும் பிடிக்கும். எவ்வகை மீன்பிடிப்பும். நன்றாக விழுந்திருக்கிறது, இல்லையா?

இன்று விடிந்ததும் அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தச் சாக்கை இழுத்தார். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவிழ்த்தார். உள்ளே ஒவ்வொன்றும் பழைய துணியில் சுற்றி, கிளைகள். எல்லாம் முறிந்தவை. போன வருஷம் முழுக்க, ஒவ்வொரு தடவையும் அங்கே போய்த் தூண்டிலை இறக்கி, சிக்கியதை எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். "ஒண்ணுக்கு ஒரு காயிதம் தந்தானே. இதுக்கெல்லாம் எழுதட்டும். அரைச்சவன் எவன்னும் எழுதட்டும்" என்றார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோபம்தான்.

என்ன கேட்டீர்கள்?

எவ்வகை மீன்பிடிப்பும் என்றால் தூண்டிலும்தானே என்றா?

நான் எழுதியது இழுவைமடியை நினைத்து. இரும்பு உருளையை நினைத்து. தூண்டில் அந்த மாதிரி இல்லை. தூண்டிலால் அப்படியொன்றும்… ஆமாம், எவ்வகையும் என்றுதான் இருக்கிறது. இதோ இருக்கிறது. நான் அப்படி… மூன்று தடவை படித்துக் காட்டினேனே. அவர் அந்த வரியில்தான் நிறுத்தினார். அந்த ஒரு வரியில்தான் நிறுத்தினார்.

உள்ளே போய்ச் சொல்லட்டுமா? ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டால் போதும். ஒரு டோக்கனுக்கு ஒருவர்தான், பியூன் விடமாட்டார். பரவாயில்லை, நான்…

கதவு திறக்கிறது. அப்பாதான். கையில் சாக்கு இல்லை.

காகிதத்தை என்னிடம் நீட்டுகிறார் பாருங்கள், படிக்கச் சொல்லி. 'பவளக் கிளைகள், முறிந்தவை, நாற்பத்திரண்டு. எடுக்கப்பட்ட இடம், தணுப்பன் பார்.' எண் சரியாக இருக்கிறது. கூட்டித்தான் போட்டிருக்கிறார்கள். 'இழுவைமடியால் ஏற்பட்ட சேதம் எனத் தெரிவிக்கிறார். ஆய்வுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.' வழக்கு அடுத்த மாதம் எட்டாம் தேதி. கீழே இன்னும் ஒரு வரி. 'மேற்படி இடத்தில் தூண்டில் உட்பட எவ்வகை மீன்பிடிப்பிலும் இனி ஈடுபட மாட்டேன்.' வறுவேல். அவர் கையெழுத்து. அழுத்திப் போட்டிருக்கிறார், பின்பக்கம் வரை தெரிகிறது.

அப்பா, தூண்டிலும் என்று எழுதியிருக்கிறது.

"அத அவருதான் சேத்தாரு. ஒனக்க தூண்டிலுக்கும் சேத்துத்தான் மக எழுதியிருக்கா, தெரியுமாய்யான்னு கேட்டாரு. தெரியும்னேன்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை?

"நல்லா எழுதியிருந்த. எதுக்கு அடிச்சுத் திருத்த? பார் கெடந்தா போதும் மக்களே, நமக்குக் கடலு கெடக்கு. ஒனக்க மார்க்கையும் சொல்லிட்டேன். சத்தமாத்தான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சானுவ."

சிரிக்கட்டும்.

அப்பா, அந்த முனையில் உட்காராதீர்கள், ஆணி இருக்கிறது. இங்கே, என் பக்கத்தில் உட்காருங்கள். இல்லை, இப்போது போக வேண்டாம். இந்த அக்காவின் டோக்கன் முப்பத்தொன்று. அதுவரை இருப்போம்.

அக்கா, உங்கள் குளம் இல்லை என்று வாயால்தானே சொன்னார்கள். அதை வாங்கிக்கொண்டு வராதீர்கள். 'குளம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னதும் அவர்கள் பேனா எங்கே என்று தேடுவார்கள், மேசையில் இருந்தாலும் தேடுவார்கள்.

இந்தாருங்கள், என்னுடையதைக் கொண்டுபோங்கள்.